கையை எடுத்ததும் அறுந்த ஒலி: ஆர்கன் ரிவெர்ப் கோளாறு அனுபவங்கள்

முதல் பதிவு

ஸ்பிரிங் டேங்க் வைத்த பழைய ஆர்கன். ரிவெர்ப் என்றால் கையை எடுத்த பிறகும் ஒலி தங்கி மெல்லத் தேய்வது. அதற்காகத் தகரப் பெட்டிக்குள் ஸ்பிரிங் இருக்கும், அதுதான் டேங்க். ஒரு முனையில் உள்வரும் காயில் (கம்பிச் சுருள்) ஸ்பிரிங்கை ஆட்டும், மறுமுனையில் வெளிவரும் காயில் அந்த ஆட்டத்தைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஓர் அடக்க ஆராதனை. கடைசிப் பாட்டு முடிந்து ஆமென். எஃப் மேஜர் கார்டைப் பிடித்து, நாலு எண்ணிக்கை நிறுத்தி, கையை எடுத்தேன். வழக்கமாக அந்த ஒலி மேலே போய் மெல்ல மெல்லக் கரையும். அன்றைக்கு நூலைப் பல்லால் கடித்த மாதிரி அறுந்தது. முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

அடுத்த மூன்று வாரமும் வீண். ரிவெர்ப் போர்டில் இருந்த எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் அத்தனையையும் மாற்றினேன், ஐசி இரண்டையும் மாற்றினேன். பலன் இல்லை. கடைசியில் ரேடியோ ரிப்பேரில் ஊறிய ஒரு பெரியவர் வந்தார். போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிவெர்ப் குமிழை முழுதாகத் திருப்பச் சொல்லிவிட்டு, டேங்க்கின் தகர ஓரத்தை நகத்தால் சுண்டினார். ஸ்பீக்கரில் இடி இடித்தது. "கேக்குற காது நல்லாத்தான் இருக்கு தம்பி. பேசுற வாய்தான் அடைச்சிருக்கு" என்றார்.

டேங்க்கைக் கழற்றிப் பார்த்தோம். உள்வரும் சாக்கெட்டிலிருந்து காயிலுக்குப் போகும் தலைமுடி கனக் கம்பி, சால்டர் வைத்த இடத்திலேயே விட்டிருந்தது. பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணுக்கே தெரியாது. பற்றவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. அந்த அடக்க ஆராதனைக்கு முந்தின ஞாயிறே ரிவெர்ப் விட்டுவிட்டு வந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்துவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

மறுமொழி 1

எங்களுடையது டிஜிட்டல் ரிவெர்ப் கார்டு. ஆராதனை தொடங்கும்போது ஒரு குறையும் இருக்காது. முக்கால் மணி நேரம் போனால், ஒலி தேய்கிற கடைசிக் கட்டத்தில் மணலைத் தகரத்தில் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு. சத்தமாக வாசிக்கும்போது தெரியாது. ஜெபத்துக்கு முன் மெதுவாக ஒரே ஒரு ஃப்ளூட் ஸ்டாப்பில் (புல்லாங்குழல் போன்ற ஒலி தரும் விசையில்) வாசித்தால் அப்படியே காதில் விழும்.

மெமரி சிப் என்று நினைத்து அதை மாற்றினேன். போகவில்லை. ஒருநாள் மூடியைத் திறந்து வைத்து, மீட்டரை 5 வோல்ட் லைனில் கோத்துவிட்டு, வாசித்துக்கொண்டே இருந்தேன். ஆரம்பத்தில் 5.02. கரகரப்பு வந்த நேரத்தில் 4.6. டிடிஎல் (5 வோல்ட்டில் ஓடும் ஒரு வகை) சிப்புகளுக்கு 4.75-க்குக் கீழே போகக் கூடாது. பவர் சப்ளையில் வோல்டேஜை நிலையாக வைக்கிற, சூடாகிற ரெகுலேட்டருக்குப் பக்கத்திலேயே இருந்த இரண்டு கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருந்தன. குளிர்ந்த நிலையில் அளந்து "வோல்டேஜ் சரி" என்று எழுதிக்கொண்டு போன நாட்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மறுமொழி 2

முதல் பதிவர் கெப்பாசிட்டர் மாற்றியதை வீண் என்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வயசு ஆர்கனில் அவை எப்படியும் போகத்தான் போகின்றன, மேலே நண்பரின் கதையே அதற்குச் சாட்சி. வரிசைதான் தவறு.

என் கதை சின்னது. ரிவெர்ப்பைக் கூட்டினால் உர்ர் என்று ஓர் இரைச்சல். கிரவுண்ட், ஷீல்டு எல்லாம் பார்த்தாயிற்று. டேங்க்கைத் திருகிலிருந்து விடுவித்து, கையில் பிடித்தபடி சும்மா திருப்பினேன். பாதி திரும்பியதும் இரைச்சல் அடங்கியது. வெளிவரும் காயில் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. யாரோ பழுது பார்த்துவிட்டுத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்.

இனி மற்றவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். முதலில் சுண்டிப் பாருங்கள். இடி கேட்டால் வெளிவரும் காயில், ஒயர், அதற்கடுத்த ஆம்ப் மூன்றும் பிழைத்தன, கோளாறு ஒலியைச் செலுத்தும் உள்வரும் பக்கம். கேட்கவில்லை என்றால் தேடல் மறுபக்கம். அடுத்தது மீட்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டேங்க்குக்குச் சொல்லப்படும் ஓம் கணக்கு ஏசி இம்பிடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கான தடை), மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ் (நேர் மின்னோட்டத்துக்கான தடை). 8 ஓம் என்று சொல்லும் காயில் மீட்டரில் சுமார் 0.8 தான் காட்டும், அதை ஷார்ட் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2250 ஓம் காயில் 200 அளவில் காட்டும். மீட்டர் ஒயருக்கே ஓர் ஓமில் பத்தில் சில பங்கு உண்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து அதை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். டேங்க் மாற்றவே வேண்டும் என்றால் நீளம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. டேங்க்கில் அச்சிட்ட குறியீட்டில் முதல் எண் வகை, இரண்டாம் எழுத்து உள்வரும் இம்பிடன்ஸ், மூன்றாவது வெளிவரும் இம்பிடன்ஸ். இவை பொருந்தாவிட்டால் ரிவெர்ப் மெலிந்து கேட்கும், இல்லை சிதறும். சாக்கெட் தகரத்தோடு கிரவுண்ட் ஆகிறதா இல்லையா என்பதையும் பாருங்கள், அதிலும் இரைச்சல் பிறக்கும். வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த ஆர்கன் என்றால் ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கிற வோல்டேஜ் நிற்கும். தனியாக வேலை செய்யாதீர்கள்.

மறுமொழி 3

எல்லாரும் உடைந்ததைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஆர்கனில் எதுவும் உடையவில்லை. உள் ரிவெர்ப் பிடிக்காமல், செண்ட், ரிட்டர்ன் (ஒலியை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் சாக்கெட்டுகள்) வழியாக வெளி ரிவெர்ப் பெட்டி ஒன்றைச் சேர்த்தோம். அன்று மாலைப் பயிற்சியில் டெனர் பாடும் தம்பி நிறுத்திவிட்டு, "அண்ணே, என் சுரம் ஆர்கன்ல கேக்கவே இல்ல" என்றான். நடு சி-க்கு அடுத்துக் கீழே இருக்கிற பி. அழுத்திப் பார்த்தேன். மற்ற சுரங்கள் நிறைந்து நிற்க, அது மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிப்பது போல இருந்தது. ஸ்டாப்பை மாற்றினாலும் அதே.

பெட்டியில் மிக்ஸ் குமிழ் பாதியில் நின்றது. அதாவது ரிவெர்ப்போடு நேரடி ஒலியும் அதன் வழியாகத் திரும்பி வருகிறது, டிஜிட்டலாக மாறி மீள்வதால் சுமார் 2 மில்லி விநாடி பிந்தி. ஆர்கனின் சொந்த நேரடி ஒலியோடு அது கலந்தால் 250, 750, 1250 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த பி 247 ஹெர்ட்ஸ். குமிழை முழு ரிவெர்ப் பக்கம் திருப்பினேன், சுரம் திரும்பி வந்தது. இரண்டு நாள் அந்தப் பையனின் காதைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மறுமொழி 4

எனக்கு வந்த புகாரும் "ரிவெர்ப் குறைந்துவிட்டது" என்பதுதான். கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் ஹெட்ஃபோனை மாட்டி ஒரு கார்டு வாசித்தேன். நீண்ட, அழகான ரிவெர்ப். ஹெட்ஃபோனைக் கழற்றினேன், வறட்டு ஒலி. நிமிர்ந்து பார்த்தால் நடைபாதை முழுக்கப் புதுக் கம்பளம், எல்லா பெஞ்சிலும் மெத்தை. ஆர்கனில் கைவைக்க எதுவுமே இல்லை.

மறுமொழி 2-ல் இருப்பவருக்கு ஒன்று: சுண்டுவதற்கும் முன்னால் இந்த ஹெட்ஃபோன் சோதனை. அறை ஒலியியலுக்கு அடித்தளம் இட்ட இயற்பியலாளர் சபைன் 1895-ல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையின் எதிரொலியை ஆராயத் தொடங்கியபோது கையில் எடுத்தது ஓர் ஆர்கன் குழலும் ஸ்டாப்வாட்ச்சும்தான். பக்கத்துத் திரையரங்கின் மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். மீட்டர் கணக்கில் இடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அங்குள்ள பொருள்களின் மொத்த ஒலி உறிஞ்சுதலால் வகுத்தால் ஒலி 60 டெசிபல் இறங்கும் நேரம் கிடைக்கும். மெத்தை ஏறினால் அந்த நேரம் சுருங்கும். ஆள் நிறைந்தாலும் அப்படியே. காலி ஆலயத்தில் சரிசெய்த ரிவெர்ப் ஞாயிறு காலையில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். போர்டைக் குறை சொல்லாதீர்கள்.

முதல் பதிவர்

எங்கள் ஆலயத்தில் கம்பளமும் இல்லை, மெத்தையும் இல்லை. அன்றைக்கு அறுந்தது கம்பிதான்.

மறுமொழி 2 சொன்னபடி இன்று அளந்தேன். மீட்டர் 1.1, ஒயருக்கு 0.3 கழித்தால் 0.8. நன்றி, கணக்கு சரியாக வருகிறது. ஆனால் அளந்தபோது கண்ணில் பட்டது: வெளிவரும் பக்கத்துக் கம்பியும் அதே கனம், அதே வயசு, சால்டர் பக்கத்தில் லேசாகப் பச்சை பூத்திருக்கிறது. இப்போதே தொடலாமா, இல்லை தொடப்போய் அறுந்துவிடுமா? அந்தக் கம்பியை மாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை ஒரு திருமணம் இருக்கிறது.