காலையில் சிக்குது, மதியம் காணோம்: ஹார்டுவேர் ட்ரோஜன் சோதனைக்கு உதவி வேண்டும்

சிப்புக்குள் திருட்டுத்தனமாகச் செருகிய சர்க்யூட்டை, அதாவது ஹார்டுவேர் ட்ரோஜனைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட், கோத்தகிரியில் வீட்டிலிருந்தே செய்கிறேன், இப்போது நகரவே மாட்டேன் என்கிறது.

போர்டு பேசிஸ் 3 (அதிலுள்ளது ஆர்ட்டிக்ஸ்-7, 28 நானோமீட்டர் எஃப்பிஜிஏ, அதாவது உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி ஏற்றக்கூடிய சிப்). ட்ரஸ்ட்-ஹப் (சோதனைக்கான ட்ரோஜன் டிசைன்களைத் தரும் தளம்) தரும், ட்ரோஜன் செருகிய ஏஇஎஸ்-டி100 டிசைனையும் ட்ரோஜன் இல்லாத ஏஇஎஸ்ஸையும் (ஏஇஎஸ் என்பது தகவலை மறைகுறியாக்கும் முறை) ஒரே போர்டில் மாற்றி மாற்றி ஏற்றி, பக்கத்திலேயே வைத்த ரிங் ஆசிலேட்டர்களின் (வளையமாக இணைத்த, தானே துடிக்கும் சிறு சர்க்யூட்டுகள்) அதிர்வெண்ணை எண்ணுகிறேன்; ட்ரோஜன் இழுக்கும் கூடுதல் கரண்ட்டால் அவை கொஞ்சம் மெதுவாகும். காலைக் குளிரில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. வெயில் ஏறியதும் ஆசிலேட்டர் மெதுவாகி, சுத்தமான டிசைனே காலையில் ட்ரோஜன் காட்டிய எண்ணைக் காட்டுகிறது. டிசம்பரிலிருந்து இதே கதை.

இங்கே கரண்ட் ஏறி இறங்கும், அதனால் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். போர்டைச் சூடேற விட்டு அளந்தேன், சராசரி எடுத்தேன், ப்ளேஸ்மென்ட் (சிப்பில் சர்க்யூட் அமரும் இடம்) மாறினாலே எண் மாறும் என்பதால் ஆசிலேட்டர்களின் இடத்தையும் பூட்டிவிட்டேன். எக்ஸ்ஏடிசி (சிப்புக்குள்ளேயே இருக்கும் அளவி) காட்டும் வெப்பநிலையை வைத்து நேர்கோட்டுத் திருத்தம் போட்டதில் பாதிதான் சரியானது. வெப்பநிலையை நிலையாக வைக்கும் வெப்ப அறைக்கு மலை இறங்க வேண்டும், அது இப்போதைக்கு ஆகாது.

கேள்வி ஒன்றுதான்: ஏஇஎஸ்ஸுக்குத் தள்ளி ஒரு ரெஃபரன்ஸ் ஆசிலேட்டர் வைத்து விகிதம் எடுத்தால் வெப்பத்தின் பாதிப்பு மட்டும் கழியுமா, இல்லை ட்ரோஜன் சிக்னலும் சேர்ந்தே போய்விடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.