பெரியப்பா கடை கம்ப்யூட்டர் (பர்மாவுல இருக்குற ஒரு தமிழ்க் குடும்பத்தோட குரூப் பேச்சு)

ஞாயிறு, இரவு 7:40

செல்வி (தாம்வே, ரங்கூன்): எல்லாருக்கும் ஒரு கேள்வி. பெரியப்பா கடையில வச்சிருந்த கம்ப்யூட்டர் பெகுல பெரியம்மா வீட்ல தான இருக்கு, அது இன்னும் ஓடுமா? கார்த்தி பரீட்சை முடிஞ்ச நாள்லேர்ந்து கேம் கம்ப்யூட்டர் கேம் கம்ப்யூட்டர்னு உயிர எடுக்குறான். டவுன்ல ஒரு கடையில கேட்டோம், பழசுக்கே பதினெட்டு லட்சம் கியாட்டுங்குறான்

தனம் அண்ணி: பதினெட்டா

தனம் அண்ணி: பீலிக்கான் கோயிலுக்குப் போற வேனுக்கு பேரு குடுக்காதவங்க இன்னிக்குள்ள குடுத்துருங்க. 11 பேரு தான் ஆயிருக்கு

கார்த்தி: கேம் மட்டும் இல்ல. வீடியோ எடிட்டிங்கும் கத்துக்கப் போறேன்

சோமு சித்தப்பா (மோல்மேன்): அண்ணன் போயி மூணு வருஷம் ஆச்சு. அத போயி இப்ப எதுக்கு நோண்டுறீங்க. இரும்புக்குப் போட வேண்டியது தான்

ரவி (சிரியம்): சித்தப்பா அது இரும்புக்குப் போற சாமான் இல்ல. பெரியப்பாவுக்கு நான் தான் வாங்கிக் குடுத்தேன். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, வெளிநாட்டு ஆபீஸ்ல கழிச்சுக் கட்டி மொத்தமா வந்த சரக்கு. உள்ள ஐ5 3470, நாலு கோர், 2012ல வந்த சிப்பு. வயசாயிருச்சு தான், ஆனா ஆபீஸ் மிஷின் போர்டு லேசுல சாவாது. அப்ப ரெண்டு மிஷின் எடுத்தேன், ஒண்ணு நெட்டை டவர், ஒண்ணு ஒல்லி டப்பா, எது பெகுக்குப் போச்சுன்னு மறந்துட்டேன். டவர்னா கேம் ஓட்டுறதுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு முழு ஒசரத்துலயே போடலாம். ஒல்லின்னா பாதி ஒசர கார்டு தான் நுழையும், அது கெடைக்கிறதும் கஷ்டம் வெலையும் கூட. பெரியம்மா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்

பெரியம்மா (பெகு): [போட்டோ]

கார்த்தி: டவர் டவர் டவர்

செல்வி: மேல சந்தனப் பொட்டு இன்னும் இருக்கு

பெரியம்மா: அவரு வச்சது. கடைசி ஆயுத பூஜைக்கி. நான் தொடைக்கல

குமார் (சிங்கப்பூர்): யாரும் தொடைக்க மாட்டாங்கம்மா

ரவி: பெரியம்மா நான் கழட்டுனாலும் அந்த மூடிய தொட மாட்டேன். ஓரத்து தகடு தனியா கழண்டு வரும்

இரவு 8:05

குமார்: ரவிண்ணா கார்டு நான் வாங்கி அனுப்பட்டா? இங்க ஆர்எக்ஸ் 580 8ஜிபி செகண்ட்ஹாண்ட் நெறைய கெடக்கு

கார்த்தி: 580 8ஜிபி!! மாமா ப்ளீஸ்

ரவி: வேணாம் குமாரு. காரணம் சொல்றேன். 580 தனியா 185 வாட்டு இழுக்கும், 8 பின் ஒயர் தனியா வேணும், இந்த டவர்ல இருக்குறது 275 வாட்டு சப்ளை, அதுல அந்த ஒயரே கெடையாது. அடுத்தது 2022 செப்டம்பர்ல கார்டு வச்சி எத்தீரியம் காயின் எடுக்குற மைனிங் நின்னப்ப அந்த 570, 580 எல்லாம் கூட்டமா சந்தைக்கு வந்துச்சு, ராப்பகலா ஓடுனது. எல்லாமே கெட்டுப்போனதுன்னு சொல்லல, நல்லா ஓடுறதும் இருக்கு, ஆனா எது நல்லதுன்னு போட்டோ பாத்து சொல்ல முடியாது. அதுலயும் 580ன்னு பேரு போட்டு 2048 கோர் உள்ளத விக்கிறான், ஒரிஜினல்ல 2304 இருக்கணும். நம்ம பையனுக்கு 1050 டிஐ போதும். 2016ல வந்தது, 4ஜிபி, 75 வாட்டு தான், அனேகமா எல்லா மாடலும் போர்டு சிலாட்லேர்ந்தே கரண்ட் எடுத்துக்கும், தனி ஒயர் வேணாம். சிப்பு 77 கார்டு 75 மத்ததெல்லாம் சேத்து 200 வாட்டுக்குள்ள முடிஞ்சிரும். கார்த்தி நீ என்ன கேம் வெளாடப் போற

கார்த்தி: டோட்டா 2, ஜிடிஏ 5

ரவி: ஜிடிஏ கம்ப்யூட்டருக்கு வந்ததே 2015ல. இந்தக் கார்டுல தாராளமா ஓடும்

கார்த்தி: ஃப்ரெண்டு வீட்ல 3060 கார்டு இருக்கு

செல்வி: அப்ப அங்க போயி வெளாடு

தனம் அண்ணி: ஹாஹா

தனம் அண்ணி: சோமு மாமா வர்றீங்களா இல்லையா வேனுக்கு. மோல்மேன்லேர்ந்து மொத நாளே வந்துரணும்

சோமு சித்தப்பா: பாப்போம்

ரவி: இன்னொண்ணு குமாரு. அங்க வாங்குனாலும் சரி இங்க வாங்குனாலும் சரி, ஜிபியு இசட்னு கார்ட சோதிக்கிற சாப்ட்வேர்ல போட்டு காட்டுனா தான் காசு குடுக்கணும். 1050 டிஐக்கு 768 கோர். 640 காட்டுனா அது வெறும் 1050. போன வருஷம் ஒருத்தருக்காக ஒரு கார்டு வாங்கி மாட்டுனேன், கேம் தொறந்ததும் தொங்குது தொங்குது, மூணு ராத்திரி மண்டைய ஒடச்சேன், கடைசில பாத்தா உள்ள இருந்தது பழைய 550 டிஐ, கார்டுக்குள்ள இருக்குற பயாஸ் சாப்ட்வேர்ல பேர மட்டும் மாத்தி எழுதிருக்கான். வித்தவன் போன எடுக்கல. அவரு காசு நான் தான் குடுத்தேன்

குமார்: ஐயோ

செல்வி: இது எங்ககிட்ட சொல்லவே இல்லயே தம்பி

ரவி: என்னத்த சொல்ல

கார்த்தி: மாமா எங்கிட்ட லேப்டாப் ரேம் ஒரு 8ஜிபி இருக்கு

ரவி: பொருந்தாது. அது குட்டை. டெஸ்க்டாப் டிடிஆர்3 8ஜிபி ரெண்டு எடுக்கணும், சோடியா. ஒண்ண மட்டும் போட்டா மெமரி வேகம் பாதியா போயிரும்

இரவு 8:30

செல்வி: இப்ப அம்மா ஒரு கேள்வி கேக்குறாங்க. மீ (கரண்ட்) போனா இது எதுல ஓடும்

ரவி: அக்கா நானே இதுக்குத் தான் வர்றேன். இது தான் முக்கியம், கார்டு கூட ரெண்டாவது. உங்க தெருவுக்கு மீ வர்றது காலையில 5லேர்ந்து 9, மதியம் 1லேர்ந்து 5 தான. மிச்ச நேரம் இன்வெர்ட்டர். உங்க பேட்டரி 12 வோல்ட்டு 100 ஏஎச், கணக்குப்படி 1200 வாட் அவர், ஆனா ஈய பேட்டரிய பாதிக்கு மேல எறக்குனா சீக்கிரம் செத்துரும், அப்ப கையில இருக்குறது 600. கம்ப்யூட்டரும் மானிட்டரும் கேம்ல 200க்கு மேல இழுக்கும். இன்வெர்ட்டர் தின்றது போவ ரெண்டரை மணி நேரம் வந்தா பெருசு. அதே பேட்டரில தான் அம்மா ரூம் காத்தாடியும் ஓடுது. இவன் ராத்திரி 10 மணிக்கு உக்காந்தா 12 மணிக்கு அம்மாவுக்கு காத்து நின்னு போயிரும். இந்த வெயில்ல

செல்வி: கேட்டியா கார்த்தி

கார்த்தி: மீ இருக்குறப்ப மட்டும் வெளாடுறேன்

செல்வி: எழுதிக் குடு

ரவி: அவன் சொல்றது தான் சரி. இன்வெர்ட்டர்ல சொருகவே வேணாம். தனியா ஒரு சின்ன யுபிஎஸ், 650 விஏ போதும், கேம் வெளாட இல்ல, மீ போனா சேவ் பண்ணி ஆஃப் பண்றதுக்கு. அப்பறம் வோல்ட்டு ஏறி எறங்குனா மிஷின காப்பாத்துற சேஃப்கார்டு கட்டாயம். எங்க தெருவுல ராத்திரி 160 வோல்ட்டுக்கு எறங்கிருது, மீ திரும்ப வர்ற நிமிஷம் ஒரே தூக்கா தூக்குது, அந்த ஒரு நிமிஷத்துல தான் எங்கிட்ட ரிப்பேருக்கு வர்றதுல பாதி செத்துருக்கும். பவர் சப்ளையும் புதுசா போட்டுருவோம், பழச நம்ப வேணாம், 12 வருஷம் ஆன சாமான். நல்ல வேளை இது 7010, சாதா 24 பின் சொருகு. அடுத்து வந்த 9020ன்னா டெல்காரன் 8 பின்னுன்னு தனியா வச்சிருப்பான், அதுக்கு கன்வெர்ட்டர் தேடி அலையணும். காசு கொறைக்கணும்னா கார்டுல கொறைங்க, ரேம்ல கொறைங்க, கரண்ட் விஷயத்துல கொறைக்காதீங்க அக்கா. உங்க கால்ல விழுந்து கேக்குறேன்

செல்வி: அவ்ளோ பெருசா சொல்லாத. மொத்தம் எவ்வளவு ஆகும்

ரவி: எழுதிப் பாத்து சொல்றேன். கடைக்காரன் சொன்னதுல பாதிக்குள்ள முடிப்பேன்

செல்வி: அம்மா கேக்குறாங்க அதுல முருகன் பாட்டு வருமான்னு

கார்த்தி: வரும் அம்மாச்சி

குமார்: விண்டோஸ் 11 ஏறுமா அதுல?

ரவி: முறைப்படி ஏறாது. 8ஆம் தலைமுறை சிப்பும் டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு சிப்பும் கேக்கும், இது 3ஆம் தலைமுறை. விண்டோஸ் 10 தான். அதுக்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, அதனால இதுல பேங்க் வேலை, பணம் அனுப்புறது எதுவும் வச்சிக்க வேணாம். சில ஆன்லைன் கேம் இப்ப டிபிஎம் கேக்குது, அது இதுல வராது, கார்த்தி இப்பவே தெரிஞ்சிக்க, பின்னாடி அழக்கூடாது

கார்த்தி: ம்

இரவு 9:02

பெரியம்மா: [குரல் செய்தி 1:47]

சோமு சித்தப்பா: என்ன சொல்றாங்க, இங்க நெட்டு சுத்துது

தனம் அண்ணி: மிஷின எடுத்துக்கங்க புள்ளைக்கு தான, ஆனா அதுல கடைக் கணக்கு இருக்கு, யாரு யாரு எவ்வளவு பாக்கின்னு எல்லாம் அவரே உக்காந்து அடிச்சது, அத அழிக்கக் கூடாதுங்குறாங்க

சோமு சித்தப்பா: அதெல்லாம் இந்நேரம் கெட்டுருக்கும். பழைய டிஸ்க்

ரவி: இல்ல சித்தப்பா. ஓடாம வச்சிருந்தது, நல்லா தான் இருக்கும். கார்த்திக்கு புது எஸ்எஸ்டி போடப் போறோம், பழைய 500ஜிபி டிஸ்க கழட்டி பேரு எழுதி பெரியம்மா கையில குடுத்துருவேன். அதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து குமாருக்கு. அவரு போட்டோவும் அதுல தான இருக்கு, மோல்மேன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு எல்லாரும் போனோமே

குமார்: காப்பி கட்டாயம் எடுங்க அண்ணா. அரிசி மூட்டை கணக்கும் சேத்து

செல்வி: குமாரு. இங்க வேணாம்

சோமு சித்தப்பா: எனக்கும் எங்க அண்ணனுக்கும் உள்ளது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்

பெரியம்மா: தம்பி நான் ஒண்ணும் கேக்கலயே

பெரியம்மா: படம் இருந்தா போதும்

இரவு 9:20

தனம் அண்ணி: வேன் காலையில 4 மணிக்கு தாம்வேலேர்ந்து கெளம்பும். 4ன்னா 4

சோமு சித்தப்பா: பையனுக்கு மானிட்டர் நான் வாங்கித் தர்றேன்

கார்த்தி: தாத்தா!!! தேங்க்ஸ் தாத்தா

செல்வி: எதுக்கு சித்தப்பா

சோமு சித்தப்பா: இருக்கட்டும்மா. இங்க தெரிஞ்ச கடையில 22 இஞ்சு இருக்கு

ரவி: சித்தப்பா வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் பாருங்க. எச்டிஎம்ஐ இல்லன்னா டிவிஐ இருக்கணும். விஜிஏ மட்டும் இருந்தா வேணாம், 1050 டிஐல விஜிஏ ஓட்டையே கெடையாது

சோமு சித்தப்பா: அது என்ன எழவு ஓட்டையோ. போட்டோ அனுப்புறேன் நீயே பாத்து சொல்லு

ரவி: சரி சித்தப்பா

செல்வி: பெகுலேர்ந்து மிஷின யாரு எடுத்தாறது

குமார்: கார்கேட்டுல (பஸ் பார்சல்ல) போட்டு விடலாம்ல

ரவி: வேணாம், தூக்கிப் போடுவான். பெரியம்மா பீலிக்கானுக்கு வர்றாங்கன்னா மொத நாள் தாம்வேக்கு வரும்போதே கூட எடுத்தாந்துரலாம், வேன் எப்பிடியும் சிரியம் வழியா தான போவுது, பாலம் தாண்டுனதும் எங்க வீட்ல எறக்கிட்டுப் போங்க. மடியில வச்சி கொண்டாரணும்

தனம் அண்ணி: வேன்ல மிஷினுக்கு ஒரு சீட்டா

ரவி: அதுக்கும் சேத்து நான் காசு தர்றேன் அண்ணி

பெரியம்மா: முட்டி வலி. வர்றது நெச்சயம் இல்ல. அம்மா விட்ட வழி

செல்வி: வாங்க பெரியம்மா. அம்மாவும் உங்களப் பாத்து நாளாச்சு

பெரியம்மா: பாக்குறேன்

கார்த்தி: மாமா அந்த மிஷின் டைம் தப்பா காட்டும்னு பெரியாச்சி முன்னாடி சொன்னாங்க

ரவி: போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி, 2032ன்னு பேரு, தீந்துருக்கும். நீயே வாங்கிட்டு வா, நீயே மாத்து, நான் பக்கத்துல நிக்கிறேன். சிப்பு சூடு எறங்க வைக்கிற பேஸ்ட்டும் புதுசா போடணும். கழட்டி மாட்ட கத்துக்கிட்டா தான் உனக்கு அது சொந்தம்

கார்த்தி: சரி மாமா

கார்த்தி: திஞ்சானுக்கு (தண்ணித் திருவிழாவுக்கு) முன்னாடி முடிஞ்சிருமா

கார்த்தி: அப்ப கார்டு குமார் மாமா வாங்குறாங்களா இங்கயே பாக்குறோமா

தனம் அண்ணி: இன்னும் மூணு பேரு வேன் காசு தரல