கேனோ ஓட்டும்போது உறுத்தாத லைஃப் ஜாக்கெட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மேல்மலைவாசி (கொடைக்கானல்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46, உயரம் ஐந்தடி, எடை 58 கிலோ. சிறு வயதில் பெரியகுளத்தில் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவள். கொடைக்கானலில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்தும், துடுப்பைக் கையில் எடுத்தது இந்த ஆண்டுதான். நானும் என் தங்கையும் இருவர் அமரும் கேனோ (துடுப்பால் ஓட்டும் குறுகிய படகு) ஒன்றை வாங்கி, உறவினர் ஒருவரின் தோட்டத்து நீர்த்தேக்கத்தில் வாரம் இரண்டு காலை ஓட்டி வருகிறோம்.

என் சிக்கல் லைஃப் ஜாக்கெட்தான். இணையத்தில் எல்லோருக்கும் பொருந்தும் அளவு என்று போட்டிருந்த தடித்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை வாங்கினேன். நிற்கும்போது சரியாக இருப்பது, கேனோவில் உட்கார்ந்ததும் மேலே ஏறி முகவாயில் இடிக்கிறது. துடுப்பை முன்னே நீட்டும் ஒவ்வொரு முறையும் அக்குளில் உரசுகிறது. அரைமணி நேரத்தில் தோல் சிவந்துவிடுவதால், தவறு என்று தெரிந்தும் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிடுகிறேன், தங்கை கடிந்துகொள்கிறாள். நாள் முழுதும் அணிந்திருக்கக் கூடியதை எப்படித் தேர்ந்தெடுப்பது? காற்று நிரம்பும் மெல்லிய வகை ஒன்று இருக்கிறதாமே, அது எனக்கு ஏற்றதா?

பதில்: துடுப்பு (உதகமண்டலம்)

வணக்கம் அம்மா. உங்கள் தங்கை கடிந்துகொள்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றம் உங்களுடையது மட்டுமன்று, அந்த ஜாக்கெட்டினுடையதும்கூட. அது படகில் அசையாமல் உட்கார்ந்து ஏரியைச் சுற்றிப் பார்க்கும் பயணிகளுக்காகத் தைக்கப்பட்டது. துடுப்புப் போடுபவரோ இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, தோளை முன்னும் பின்னும் வீசி வேலை செய்கிறார். ஆகவே அவருக்கு வேண்டியது, கை நுழையும் இடம் அகலமாக வெட்டப்பட்டு, தோள்பட்டை ஒடுங்கி, இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும் குட்டையான ஜாக்கெட். உள்ளே இருக்கும் ஃபோம் ஒரே பலகையாக இல்லாமல் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் உடலோடு வளைந்து கொடுக்கும்.

அளவை உங்கள் எடையைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவே முதன்மை. அதையும் நம் ஊரில் விடியற்காலையில் அணியும் ஸ்வெட்டரின் மேல் அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மார்கழியில் ஜிப் ஏறாது. கடையில் முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு அணிந்து, ஜிப்பை ஏற்றி, இடுப்பு வாரிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக இறுக்குங்கள். தோள் வார்கள் கடைசியில். பிறகு தங்கையை இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரியது. அதைத் தண்ணீரும் அவ்வாறே தூக்கும், நீங்கள் உள்ளே நழுவிப் போவீர்கள். அடுத்து, கடைக்காரர் என்ன நினைத்தாலும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, துடுப்புப் போடுவதுபோல் இருபது முறையாவது கையை வீசிப் பாருங்கள். கேனோவில் முழந்தாளிட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அந்த நிலையிலும் பாருங்கள். கடைக் கண்ணாடி முன் நின்று பார்ப்பதால் மட்டும், உட்கார்ந்து ஓட்டும்போது ஜாக்கெட் எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் மலைகளில் நீர் குளிர்ந்தது. 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான நீரில் எதிர்பாராமல் விழுபவருக்கு, நன்றாக நீந்தத் தெரிந்தவராயினும், விருப்பமில்லாமலே பெரிய மூச்சு ஒன்று உள்ளே இழுபடும். அதைத் தொடர்ந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சு இரைக்கும். அந்த நேரத்தில் வாயை நீருக்கு மேலே நிறுத்தி வைப்பதுதான் ஜாக்கெட்டின் வேலை. சிறிது நேரத்தில் விரல்களும் விறைக்கத் தொடங்கும் என்பதால், இருக்கைக்கு அடியில் இருப்பதைத் தண்ணீருக்குள் எடுத்து அணிந்துகொள்ளலாம் என்பது நடவாத காரியம்.

பதில்: இலவங்காடு (போடிநாயக்கனூர்)

நம் பகுதி மக்களுக்கு ஒரு செய்தி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லைஃப் ஜாக்கெட்டுகளில் அடைக்கப்பட்டது இலவம்பஞ்சுதான். எங்கள் ஊரில் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கும் அதே பஞ்சு. அதன் இழை உள்ளே குழலாக இருப்பதோடு, மேலே மெழுகு போன்ற பூச்சும் இருப்பதால் எளிதில் நனையாமல் மிதக்கும். ஆனால் அமுங்கினாலோ உறை கிழிந்தாலோ மிதக்கும் திறன் குறைந்துவிடும் என்பதால், பின்னர் அந்த இடத்தை ஃபோம் பிடித்துக்கொண்டது.

காற்று நிரம்பும் வகையைக் கேட்டிருந்தீர்கள். உடலுக்கு அதைவிடச் சுகமானது கிடையாது. எனினும் அதில் ஒரு சிறு குப்பியில் கரியமில வாயு அடைபட்டிருக்கும். கயிற்றை இழுத்தால்தான் நிரம்பும் வகையில், மேலே சொன்ன அந்த முதல் நிமிடத்தில் உங்கள் கை கயிற்றைத் தேட வேண்டியிருக்கும். நீர் பட்டதும் தானாக நிரம்பும் வகைகள் பலவற்றில், நனைந்தால் கரையும் ஒரு சிறு துண்டுதான் விசையை விடுவிக்கிறது. அது பலத்த மழையிலும் நீண்ட ஈரத்திலும்கூட விடுபடலாம். மூடுபனியும் மழையும் ஓயாத உங்கள் ஊருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒருமுறை நிரம்பினால் குப்பியையும் மாற்ற வேண்டும். ஃபோம் வகைக்கு அத்தகைய தயவு எதுவும் தேவையில்லை.

மேல்மலைவாசி

இருவருக்கும் நன்றி. மதுரையில் ஒரு கடையில் பார்த்தபோது உள்பக்கச் சீட்டில் 50 நியூட்டன், 100 நியூட்டன் என்று இருந்தது. எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: துடுப்பு

அந்த எண் ஜாக்கெட் தரும் மிதப்பு விசையின் அளவு. அது கூடினால் பாதுகாப்பு கூடும், பருமனும் கூடும். நீரில் நம் உடல் பெரும்பாலும் தானே மிதப்பதால், தலையை மேலே வைத்திருக்கப் பெரியவர் ஒருவருக்குக் கூடுதலாக வேண்டிய மிதப்பு ஏறத்தாழ 3 முதல் 5.5 கிலோ அளவுதான்; 50 நியூட்டன் என்பது ஏறத்தாழ 5 கிலோ. லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 12402-இன்படி 50 என்பது நீந்தத் தெரிந்து, கரையோ உதவியோ அருகில் உள்ளவருக்கானது. நினைவிழந்து கவிழ்ந்து கிடப்பவரின் முகத்தை அது மேலே திருப்பாது. அதற்காக அமைக்கப்பட்டவை கழுத்துப்பட்டை உள்ள 100 முதலான வகைகள். துடுப்புப் போடுவோர் பெரும்பாலும் 50 வகையையே அணிகிறார்கள். நீங்கள் நீந்தக் கூடியவர், தங்கையும் உடனிருக்கிறார் என்பதால் அது போதும். ஆனால் தனியாகப் போகக் கூடாது. உங்கள் தங்கைக்கு நீச்சல் தெரியாது என்றால், அசௌகரியமாக இருந்தாலும் நீந்தப் பழகும்வரை அவருக்கு 100 வகையே சரி.

பதில்: தேயிலைத்தளிர் (கோத்தகிரி)

சகோதரி, பெண்களுக்கென்று தைக்கப்பட்டவற்றையும் அணிந்து பாருங்கள். மார்புப் பகுதியில் ஃபோம் வளைவாக அமைந்திருப்பதால் முன்பக்கம் நெஞ்சை அழுத்தாது, மேலே ஏறவும் செய்யாது. உங்கள் கேனோவின் இருக்கையில் முதுகுச்சாய்வு பொருத்தியிருந்தால், முதுகின் கீழ்ப்பாதியில் ஃபோம் இல்லாமல் வலைத்துணி மட்டும் உள்ளதாகப் பாருங்கள். அக்குள் உரசலுக்குக் கைவைத்த, உடலை ஒட்டிய பனியனை உள்ளே அணிவது எனக்குப் பெரிதும் உதவியது. தடித்த தையல் உள்ள சுடிதாரும் துப்பட்டாவும் வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தில் ஜாக்கெட்டைப் பையில் சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். காய்வதற்காகக் கணப்பு அடுப்பின் பக்கம் வைக்காதீர்கள், ஃபோம் சூட்டில் சுருங்கும். கரையில் அதை இருக்கையாகப் போட்டு உட்காருவதும் கூடாது.

மேல்மலைவாசி

தேயிலைத்தளிர் சொன்ன பெண்களுக்கான வகையையே வாங்கினேன். 50 நியூட்டன், முன் ஜிப், இரு பக்கமும் இரண்டு வார்கள். தங்கை தோளைப் பிடித்துத் தூக்கியபோது இரண்டு விரல் அளவே மேலே வந்தது. நேற்று வெயில் ஏறிய பிறகு, மார்பளவு நீரில் தங்கை கரையோரம் நிற்க, கால்களை மடக்கி மிதந்து பார்த்தேன். முகவாய் நீருக்கு மேலேயே நின்றது. இன்று காலை ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம், கரைக்கு வந்த பிறகுதான் கழற்றினேன். தங்கைக்கு 100 வகையைத் தேடி அடுத்த வாரம் மீண்டும் மதுரைக்குப் போகிறோம்.