அணிவகுப்புக்குப் போனோமா, இல்லையா?

வியாசர்பாடியான்:
எல்லைக்காவலன் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “2021இல் மியான்மர் மக்களாட்சிக்கு இந்தியா தோள்கொடுத்து நின்றது” என்கிறார். எந்தத் தோள்? 2020 நவம்பர் 8 அன்று அந்த மக்கள் கொரோனாவுக்கு நடுவே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். நாடாளுமன்றத்தின் 476 இடங்களில் 396 அப்போது ஆட்சியில் இருந்த ஆங் சான் சூச்சியின் கட்சிக்குக் கிடைத்தன. ராணுவத்தின் செல்லப்பிள்ளையான கட்சிக்கு 33. உடனே வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக்கு மேல் முறைகேடு என்று ராணுவம் கூச்சல் போட்டது. தேர்தல் ஆணையம் அதை ஜனவரி 28 அன்று நிராகரித்தது. பிப்ரவரி 1, புதிய அவை கூட வேண்டிய நாள். அன்று விடிவதற்குள் சூச்சி உள்ளிட்ட தலைவர்களைப் பிடித்து அடைத்துவிட்டு ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது.

மார்ச் 27 அன்று தலைநகர் நேப்பிடாவில் ராணுவ தின அணிவகுப்பு. அதே நாளில் ராணுவத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற மக்களில் 100 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த அணிவகுப்புக்கு ஆள் அனுப்பிய நாடுகள் எட்டு: ரஷ்யா, சீனா, பாகிஸ்தான், வங்கதேசம், வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, இந்தியா. தோள்கொடுத்த இலட்சணம் இதுதானா?

எல்லைக்காவலன்:
தம்பி, நான் மணிப்பூரில் ஆறு ஆண்டுகள் காவல் பார்த்தவன். 2015 ஜூன் 4 அன்று சந்தேல் மாவட்டத்தில் நம் வீரர்கள் 18 பேர் பதுங்கியிருந்து தாக்கப்பட்டுச் செத்தார்கள். தாக்கியவர்களுக்கு ஒளிய இடம் எங்கே இருந்தது? எல்லைக்கு அந்தப் பக்கம், மியான்மரில். 2020 மே மாதம் தீவிரவாதிகள் 22 பேரை விமானத்தில் ஏற்றி நம்மிடம் ஒப்படைத்ததும் அந்தப் பக்கம்தான். 1,643 கிலோமீட்டர் எல்லை. வீட்டில் உட்கார்ந்து கொள்கை பேசுவது சுலபம்.

பிப்ரவரி 1 அன்றே நம் வெளியுறவு அமைச்சகம் ஆழ்ந்த கவலை தெரிவித்து, சட்டத்தின் ஆட்சியும் மக்களாட்சி முறையும் காக்கப்பட வேண்டும் என்று அறிக்கை விட்டது. அது உங்கள் கண்ணில் படவில்லை. அணிவகுப்புக்குப் போனவர் அமைச்சரும் அல்ல, தளபதியும் அல்ல. தூதரகத்தில் ஏற்கெனவே பணியில் இருந்த படைத்துறை அதிகாரி. தூதரகம் நடத்தினால் இதெல்லாம் வழக்கம்.

வியாசர்பாடியான்:
வழக்கமோ வழக்கமில்லையோ, போனாரா இல்லையா? அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் அங்கே தூதரகம் இல்லையா? அவர்கள் ஏன் போகவில்லை?

மதுராந்தகம் ஆசிரியை:
நான்கு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி செய்திருக்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். நம் ஊர்ப் பட்டியலிலும் செத்தவர் பெயர் இருக்கும், திருமணமாகிப் போன பெண்ணின் பெயர் இரண்டு ஊரில் இருக்கும். பட்டியலில் பிழை என்பது வேறு, கள்ள ஓட்டு என்பது வேறு. மியான்மரில் வாக்களித்தவர் விரலில் அழியாத மை வைத்தார்கள். பெயர் இரண்டு தடவை இருந்தாலும் விரல் ஒன்றுதானே? அங்கே கண்காணிக்கப் போன ஆசியத் தேர்தல் கண்காணிப்பு அமைப்பான அன்ஃப்ரெல்லும் முடிவு மக்களின் விருப்பத்தையே காட்டியது என்று சொன்னது. முதலில் “ஆதரவு” என்றால் என்ன என்பதை வரையறுத்துக்கொண்டு பேசினால் நல்லது. அறிக்கை ஆதரவா, ஐ.நா.வில் போடும் வாக்கு ஆதரவா, அகதிக்குச் சோறு போடுவது ஆதரவா?

வியாசர்பாடியான்:
டீச்சர், வரையறை எல்லாம் வகுப்பறையில் வைத்துக்கொள்வோம். கொலைகாரன் வீட்டு விருந்துக்குப் போனவன் யார் பக்கம் என்று கேட்டால் குழந்தையும் சொல்லும்.

பினாங்கு மாறன்:
இந்திய நண்பர்கள் எங்கள் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். 2021 அக்டோபர் உச்சி மாநாட்டுக்கு, ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கை அழைக்கவே இல்லை. வன்முறையை நிறுத்தச் சொன்ன ஐந்து அம்ச உடன்பாட்டை அவர் மதிக்காததால் கதவைச் சாத்தினோம். அதுதான் முதுகெலும்பு.

எல்லைக்காவலன்:
முதுகெலும்பா? 2021 பிப்ரவரி 23 அன்று உங்கள் மலேசியா அங்கே தடுப்பில் இருந்த மியான்மர் நாட்டவர் 1,086 பேரை மியான்மர் கடற்படைக் கப்பல்களிலேயே ஏற்றி அதே ராணுவத்திடம் அனுப்பியது. நீதிமன்றம் தடை விதித்திருந்தும் அனுப்பியது. ஆட்சி கவிழ்ந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. பாடம் நடத்த வந்துவிட்டீர்கள்.

பினாங்கு மாறன்:
அதை நான் நியாயப்படுத்தவில்லை. இங்கேயும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், வழக்குப் போட்டவர்களும் எங்கள் நாட்டவர்தான். பேச்சு ஆசியானைப் பற்றி. நீங்கள் மலேசியாவுக்குத் தாவுகிறீர்கள்.

எல்லைக்காவலன்:
ஆசியானைத் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள். ஐந்து அம்சத்தைப் பேச ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் அதே மின் ஆங் லைங்கை வரவேற்று உட்காரவைத்ததும் நீங்கள்தான்.

ஐராவதி:
எல்லோரும் மியான்மர், மியான்மர் என்று எழுதுகிறீர்கள். அந்தப் பெயரை 1989இல் வைத்ததே ராணுவ ஆட்சி. மக்களாட்சிக்காக வாதாடுகிறவர்கள் பர்மா என்று எழுதக்கூடாதா?

வியாசர்பாடியான்:
எங்கள் வீட்டில் என்றைக்கும் பர்மாதான். இங்கே எல்லோருக்கும் புரியட்டும் என்று மியான்மர் என எழுதினேன். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மார்ச் 27க்குப் பதில் வரவில்லை.

கடலோரக் கபீர்:
நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த மக்களாட்சிக்காக இத்தனை கண்ணீர்? 2020 தேர்தலில் ரக்கைன் மாநிலத்து முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களுக்கு வாக்கே கிடையாது. ரக்கைன் மாநிலத்தின் பெரும்பகுதியில் வாக்குப்பதிவையே ரத்துசெய்தார்கள். 2019 டிசம்பரில் தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய் ரோஹிங்கியா இனப்படுகொலை வழக்கில் தன் நாட்டு ராணுவத்துக்காக வாதாடியவர் சூச்சி அம்மையார். அன்று அவர் காப்பாற்றிய கை பதினான்கு மாதம் கழித்து அவர் கழுத்தையே பிடித்தது.

எல்லைக்காவலன்:
கபீர் தம்பி சரியான இடத்தில் அடித்தார். இப்படிப்பட்ட தேர்தலுக்காக நம் எல்லையைப் பணயம் வைக்க வேண்டுமா?

கடலோரக் கபீர்:
உங்களுக்குத் துணையாக நான் பேசவில்லை, ஐயா. ஜம்முவில் தங்கியிருந்த ரோஹிங்கியாக்களை 2021 மார்ச்சில் பிடித்து அடைத்தது நம் நாடு. என் வாயில் உங்கள் சொல்லைத் திணிக்காதீர்கள்.

வியாசர்பாடியான்:
கபீர் சொன்னது எனக்கு வலிக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் ரோஹிங்கியாக்களை விரட்டியதும் வாக்குப்பெட்டியை உடைத்ததும் ஒரே ராணுவம். அந்த ராணுவத்தின் அணிவகுப்புக்குத்தான் நாம் போனோம்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் தாத்தா ரங்கூனில் மரக்கடை வைத்திருந்தார். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், கடை நாட்டுடைமை ஆனது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பாட்டி கப்பலேறும்போது வெற்றிலைப் பெட்டியின் அடியில் ஒரு நூறு கியாத் நோட்டை எட்டாக மடித்து வைத்துக்கொண்டு வந்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் பஞ்சாங்கத் தாள் ஒட்டியிருக்கும். சுண்ணாம்புக் கறை ஒரு மூலையில். அதை யாரையும் தொட விடமாட்டாள். செல்லாத நோட்டு என்று தெரிந்தே நாற்பது ஆண்டுகள் வைத்திருந்தாள். அந்தச் சீருடையை எனக்குத் தெரியும், ஐயா. அதற்கு வணக்கம் வைக்க என் நாடு ஆள் அனுப்பியதை என்னால் விழுங்க முடியவில்லை.

எல்லைக்காவலன்:
பாட்டிக்கு என் வணக்கம். ஆனால் குடும்பத் துயரத்தை வைத்து வெளியுறவுக் கொள்கை நடத்த முடியாது. மியான்மரின் 1988 மக்கள் எழுச்சியின்போது ராணுவத்தை வெளிப்படையாகக் கண்டித்த நாடு இந்தியா. 1993ஆம் ஆண்டுக்கான நேரு விருதை சூச்சிக்குக் கொடுத்ததும் நாம்தான். என்ன கிடைத்தது? சீனா உள்ளே நுழைந்தது. பிறகுதான் டெல்லிக்குப் புத்தி வந்தது. கச்சத்தீவு விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் உணர்ச்சியைக் கொட்டிவிட்டு, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனீர்கள்.

வியாசர்பாடியான்:
கச்சத்தீவில் பதில் சொல்லாமல் போனது யார் என்பது அந்த விவாதத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். பழைய பகையை இங்கே இழுக்காதீர்கள்.

சரி, அணிவகுப்பு வழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். 2021 ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் என்ன நடந்தது? அந்த ராணுவத்தைக் கண்டித்த தீர்மானத்துக்கு 119 நாடுகள் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, பெலாரஸ். நடுவில் ஒதுங்கிக்கொண்ட 36 நாடுகளில் சீனா, ரஷ்யாவோடு நாமும் ஒருவர். நம் கருத்துகள் வரைவில் இடம்பெறவில்லை என்று அங்கே விளக்கம் சொன்னவர் அப்போது ஐ.நா.வில் இந்தியத் தூதராக இருந்த நம்மவரான டி.எஸ். திருமூர்த்தி. மியான்மரின் ஐ.நா. தூதர் சியாவ் மோ துன் தன் ராணுவத்துக்கு எதிராகவே வாக்களித்தார். அவருக்கு இருந்த துணிவு நமக்கு இல்லாமல் போனது.

எல்லைக்காவலன்:
ஒதுங்கியது எதிர்ப்பு ஆகாது. தீர்மானத்தால் ஒரு துப்பாக்கியாவது கீழே இறங்கியதா?

மதுராந்தகம் ஆசிரியை:
அகதிகளைப் பற்றி யாருமே பேசவில்லையே? மார்ச் 10 அன்று உள்துறை அமைச்சகம் வடகிழக்கு மாநிலங்களுக்கு, மியான்மரிலிருந்து தப்பி வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. மிசோரம் முதல்வர் சோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார், அவர்கள் எங்கள் இரத்தம், கைவிட முடியாது என்று. மிசோ மக்கள் வீட்டு அரிசியை எடுத்துக் கொடுத்தார்கள். ஆதரவு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருந்தது.

வியாசர்பாடியான்:
டீச்சர் நினைவூட்டியதற்கு நன்றி. மணிப்பூர் அரசு என்ன செய்தது தெரியுமா? முகாம் திறக்காதீர்கள், உணவு கொடுக்காதீர்கள், வருகிறவர்களைப் பணிவோடு திருப்பி அனுப்புங்கள் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டது. தேதி மார்ச் 26, அணிவகுப்புக்கு முந்தைய நாள்.

எல்லைக்காவலன்:
அந்த உத்தரவு சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

வியாசர்பாடியான்:
ஊரே காறித் துப்பியதால் திரும்பப் பெற்றார்கள். அணிவகுப்பைத் திரும்பப் பெற முடியுமா?

ஐராவதி:
இந்தியா 2020இல் அவர்களுக்கு நீர்மூழ்கிக் கப்பலே கொடுத்தது. சிந்துவீர். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்காவலன்:
அது சூச்சி ஆட்சியில் இருந்தபோது கொடுத்தது! ஆண்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் அம்மா.

ஐராவதி:
நான் அம்மா இல்லை, ஐயா. ஆட்சி யாருடையதாக இருந்தாலும் கப்பல் போனது ராணுவத்தின் கைக்குத்தானே?

எல்லைக்காவலன்:
நாளை காலை கண் அறுவைக்கு மருத்துவமனை போகிறேன். நாலைந்து நாள் எழுத முடியாது. ஓடிவிட்டான் என்று யாரும் எழுத வேண்டாம். அந்த 22 பேரை எந்த அறிக்கையும் எந்தத் தீர்மானமும் பிடித்துத் தரவில்லை. அதற்கு வியாசர்பாடித் தம்பி இதுவரை ஒரு வரி எழுதவில்லை.

வியாசர்பாடியான்:
நல்லபடியாகப் போய் வாருங்கள், ஐயா. 22 பேரை ஒப்படைத்த மே 2020இல் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான் இருந்தது. நீர்மூழ்கிக்கு நீங்கள் சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும். கட்டுப் பிரித்த பிறகு வந்து மார்ச் 27க்குப் பதில் எழுதுங்கள்.