மகனின் பச்சோந்திக்குக் கண்ணாடித் தொட்டி போதுமா?

வன்னிக்கிளி (ஸ்காபரோ) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் 13 வயது மகன் ஒரு வருடமாக நச்சரித்து, போன சனிக்கிழமை கடைசியில் ஒரு வெயில்ட் பச்சோந்தி (veiled chameleon, தலையில் கொண்டை இருக்கும் இனம்) வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூன்றரை மாதக் குட்டி என்று கடையில் சொன்னார்கள். நாய் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன், இது ஒரு மூலையில் சும்மா இருக்கும்தானே என்று நினைத்துத் தலையாட்டியது என் பிழை.

"எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கு" என்று கடைக்காரர் ஒரு செட்டைக் கையில் தந்தார். 20 கேலன் கண்ணாடித் தொட்டி, சுருள் மாதிரி ஒரு யூவி (புற ஊதாக் கதிர்) பல்ப், மின்சாரத்தில் சூடாகும் ஒரு கல், தண்ணீர்க் கிண்ணம், அடியில் பரப்பத் தேங்காய்த் தும்பு, இரண்டு பிளாஸ்டிக் கொடி. சொன்னபடியே வைத்தோம். இன்றோடு ஐந்து நாள். அது அந்தக் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பகல் முழுக்கக் கரும்பழுப்பாகவே கிடக்கிறது, கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டால் வாயைப் பிளந்து சீறுகிறது. முதல் நாள் நான்கு பூச்சி தின்றது, நேற்று ஒன்றுதான். நேற்று மதியம் கொஞ்ச நேரம் கண்ணையும் மூடிக்கொண்டு இருந்தது.

இருப்பது கொண்டோவில், 11ஆம் மாடி. குளிருக்கு ஹீற்றர் எந்நேரமும் ஓடும், காலையில் எழுந்தால் எனக்கே தொண்டை வறண்டுபோய் இருக்கும். மகன் இணையத்தில் படித்துவிட்டு ஒன்று சொல்கிறான், கடைக்காரர் வேறொன்று சொல்கிறார். உண்மையில் வளர்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எதை மாற்றவேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம்? செலவு கொஞ்சம் பார்த்துத்தான் செய்யவேண்டும். இந்தச் செட்டுக்கே ஒரு மாதத்துச் சாமான் காசு போய்விட்டது.

---

கூண்டுக்காரன் (கல்கரி) எழுதியது:

அக்கா, வருத்தப்படாதீர்கள், இந்த "எல்லாம் இருக்கு" செட்டை வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெட்டியில் பச்சோந்திக்கு உதவுவது அநேகமாக அந்தப் பிளாஸ்டிக் கொடி மட்டும்தான். கல்லை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பச்சோந்தி வெயிலை மேலிருந்து வாங்குகிற பிராணி, கீழே சூடு ஏறுவதை அது சரியாக உணராது, அடிவயிறு வெந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.

இது யேமன், தென்மேற்குச் சவுதி மலைப்பக்கத்து விலங்கு. மரத்திலும் புதரிலும் வாழ்வது. ஆகவே இதற்கு அகலத்தைவிட உயரம்தான் வீடு. வளர்ந்த பிறகு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம் உள்ள கம்பிவலைக் கூண்டு வேண்டும். குட்டிக்கு முதலில் சின்னக் கூண்டு, பிறகு பெரிது என்று இரண்டு முறை செலவழிக்காதீர்கள், நேரே பெரியதை வாங்கி உள்ளே செடியை அடர்த்தியாக வையுங்கள், போதும். அந்தக் கூண்டையும் தரையில் வைக்காமல் ஒரு மேசையில் ஏற்றுங்கள். அது இருக்கும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கிற எதையும் அது பருந்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு மாற்றத்திலேயே என்னுடையது இரண்டு நாளில் கரும்பழுப்பை விட்டுப் பச்சைக்கு வந்தது. கண்ணாடியில் சீறுகிறது என்றீர்களே, தன் உருவத்தை வேறொரு பச்சோந்தி என்று நினைக்கிறது. இவை தனிக்காட்டு ராஜாக்கள். துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று மகன் கேட்டால் ஒரே சொல்லில் முடியாது என்றுவிடுங்கள்.

அப்புறம் வெளிச்சம். இதில்தான் காசைப் போடவேண்டும். சுருள் பல்ப் வேண்டாம், அதன் யூவி கூண்டின் ஒரு சின்ன இடத்தில்தான் விழும். டி5 எச்ஓ (T5 HO) என்கிற நீளக் குழல்விளக்கு, யூவி அளவு 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருப்பது. கூண்டின் கூரைமேல் கிடத்திவிட்டு, மேல்கிளையில் இருக்கும்போது பச்சோந்தியின் முதுகுக்கும் குழலுக்கும் இடையில் 8, 9 அங்குலம் இருக்கும்படி கிளையைக் கட்டுங்கள். யூவியில் யூவிபி (UVB) என்கிற வகை இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் தின்னும் கால்சியம் எலும்பில் சேராது. கால் வளைந்து, தாடை ரப்பர் மாதிரி ஆகி, நாக்கை நீட்டவே முடியாமல் போகும். ஜன்னல் ஓரம் வைத்தால் சூரியன் படுமே என்று என் மாமியார் சொன்னார். ஜன்னல் கண்ணாடி யூவிபியை விடாது, அதனால் அந்தக் கதை நடக்காது. குழல் பார்க்க எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் யூவி குறைந்துவிடும், ஆகவே வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வாங்கிய திகதியைக் குழலிலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

சூட்டுக்கு விசேஷமாக ஒன்றும் வேண்டாம், சாதாரண ஹாலோஜன் பல்ப் போதும். குட்டிக்கு வெயில்கிளையில், அதாவது பல்புக்குக் கீழே உள்ள கிளையில், 27, 28 டிகிரி செல்சியஸ், வளர்ந்த ஆணுக்கு 30 அளவு. கூண்டின் கீழ்ப்பகுதி 22ஐ ஒட்டி இருக்கட்டும், சூடு போதும் என்றால் அது தானே இறங்கிவரும். பல்ப் கூரைவலைக்கு மிக அருகில் இருந்தால் தலையில் உள்ள அந்தக் கொண்டை சுட்டுவிடும். வெப்பமானியைக் கூண்டுச் சுவரில் ஒட்டாமல், முதுகு வரும் இடத்திலேயே வைத்து அளந்துபாருங்கள். இரவில் எல்லா விளக்கும் அணையவேண்டும், சிவப்பு விளக்கும் சேர்த்து. 12 மணிநேரம் பகல், 12 மணிநேரம் நல்ல இருட்டு. 18 டிகிரிக்கு இறங்கினாலும் பயமில்லை, மலைக்காட்டில் இரவு குளிராகத்தான் இருக்கும்.

தண்ணீர்: கிண்ணத்தில் தேங்கிநிற்பது தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. இலையில் வழியும் துளியைத்தான் நக்கும். நான் செய்வதைச் சொல்கிறேன், ஒரு தயிர் டப்பாவின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, தண்ணீர் ஊற்றிக் கூரைமேல் வைத்துவிடுவேன். ஒன்றிரண்டு விநாடிக்கு ஒரு துளி இலைமேல் விழும், கீழே ஒரு தட்டு. செலவு பூஜ்யம். அதுபோக ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை ஸ்பிரேயால் இலைகளை நனைப்பேன்.

தேங்காய்த் தும்பையும் எடுத்துவிடுங்கள். பூச்சியோடு சேர்த்து வாய்க்குள் போகும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அடி வெறுமையாக இருந்தால் துடைப்பதும் சுலபம்.

முக்கியமானது கடைசியில்: பகலில் கண்ணை மூடுவது நல்ல அறிகுறி இல்லை. கூண்டு வரும்வரை காத்திருக்காமல், ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எச்சத்தையும் ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள், புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த எச்சத்தில் வெள்ளையாக இருக்கும் பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

---

மழைத்துளி (ஒட்டாவா) எழுதியது:

கூண்டுக்காரன் தம்பி சொன்னதில் பெரும்பாலும் சரி, ஒரு இடத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாள் முழுக்க நான்கைந்து தடவை நனைப்பது பழைய பழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன், சூடான விளக்குக்குக் கீழே எந்நேரமும் ஈரம் நின்று, மூச்சுவிடும்போது க்ளிக் க்ளிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. சுவாசத் தொற்று, மூன்று வாரம் மருந்து. மலையில் எப்படி? பகலில் காய்ந்து கிடக்கும், இரவில் பனிமூட்டம், விடிகாலையில் இலையெல்லாம் பனித்துளி. அதையே வீட்டில் செய்யுங்கள். காலையில் விளக்குப் போடுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் இலைகளை நன்றாக நனைத்துவிடுங்கள், இரவு விளக்கு அணைந்த பிறகு இன்னொரு தடவை. மதியத்துக்கு அந்தத் தயிர் டப்பா போதும் (நல்ல யோசனை தம்பி, நான் அதற்கு இருபது டொலர் கொடுத்தேன்). பகலில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம், இரவில் 75க்கு மேல் போகலாம், ஆனால் கூண்டு குளிர்ந்திருக்கும்போது மட்டும். சூடும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால்தான் வில்லங்கம்.

வன்னிக்கிளி, உங்கள் கொண்டோ காற்றுக்கு முழுக் கம்பிவலை சரிவராது, நனைத்த ஈரம் பத்து நிமிடத்தில் பறந்துவிடும். பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் தெளிவான ஷவர் திரையால் மூடுங்கள், முன்பக்கமும் கூரையும் திறந்தே இருக்கட்டும். சூடான காற்று மேலே போக, முன்னாலிருந்து புதுக்காற்று வரும். ஹீற்றர் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கூண்டை வைக்கவே வேண்டாம். சமையலறைக்குப் பக்கத்திலும் வேண்டாம், மிளகாய் வறுக்கிற வீட்டில் நமக்கே இருமல் வருகிறது.

செடிக்கு நிஜச் செடிதான், ஏனென்றால் வெயில்ட் இலையையும் கடித்துத் தின்னும், பிளாஸ்டிக் இலையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். மணி பிளான்ட், ஷெஃப்லெரா, செம்பருத்தி மூன்றும் நல்லது, செம்பருத்திப் பூவை ஆசையாகத் தின்னும். அரளிப் பக்கமே போகாதீர்கள். கடையிலிருந்து வரும் செடியில் மருந்து அடித்திருப்பார்கள், இலைகளைக் கழுவி, மண்ணை மாற்றி, மேல்மண்ணில் விழுங்கமுடியாத அளவு பெரிய கற்களாகப் பரப்புங்கள்.

இன்னொன்று. அது ஆணா பெண்ணா என்று பார்த்தீர்களா? பின்னங்காலின் பின்பக்கம், குதிகால் இடத்தில் பாருங்கள். ஆணுக்குப் பிறக்கும்போதே அங்கே சின்ன முள் மாதிரி ஒரு துருத்தல் இருக்கும். இல்லையென்றால் பெண். பெண் என்றால் ஆணையே பார்க்காவிட்டாலும் முட்டை போடும், ஐந்தாறு மாதத்திலேயே தொடங்கலாம். முட்டையிடத் தோண்ட இடம் இல்லாவிட்டால் உள்ளேயே அடக்கிவைத்துச் செத்துப்போகும். என் முதல் பச்சோந்தி அப்படித்தான் போனது, ஆண் என்று நம்பியே வளர்த்தேன்.

---

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

எங்கள் ஊரில் ஓணானைத்தான் பாதிப் பேர் பச்சோந்தி என்பார்கள். வேலியில் தலை சிவந்து உட்கார்ந்திருக்குமே, அது ஓணான். நிஜப் பச்சோந்தி இந்தியாவில் ஒரே ஒரு இனம்தான், காய்ந்த முள்காட்டுப் பக்கம் இருக்கும், சாலையைக் கடக்கும்போது கிழவர் மாதிரி ஆடி ஆடிப் போகும். இதைப் படிக்கிற நம் ஊர்ப் பையன்கள் யாரும் அதைப் பிடித்துவந்து கூண்டில் போட்டுவிடாதீர்கள், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னணிக்கு ஏற்ற மாதிரி மாறுகிறது என்று பள்ளியில் சொல்லித்தந்தது பெரும்பாலும் கதை. மனநிலை, சூடு, சண்டை, ஜோடி தேடுவது, இதற்குத்தான் மாறும். ஜெனீவாவில் 2015இல் பேந்தர் என்கிற இன்னொரு பச்சோந்தி இனத்தை ஆராய்ந்து சொன்னார்கள், தோலுக்குள் குவானின் என்கிற பொருளின் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவற்றின் இடைவெளி கூடிக் குறையும்போது நிறம் மாறுகிறது என்று. உங்களுடையது கரும்பழுப்பாக இருப்பது பெட்டி பிடிக்காமல், அக்கா. தும்பு நிறத்துக்கு ஒத்துப்போகிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தாலும் நம்பாதீர்கள்.

---

வன்னிக்கிளி எழுதியது:

கடைக்காரர் அதையேதான் சொன்னார்!

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வைத்தியரிடம் போய்வந்தோம். புழு இல்லை, தண்ணீர்தான் போதவில்லை, கண் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது என்றார். மற்றபடி நீங்கள் சொன்னதையேதான் அவரும் சொன்னார், சூடான கல்லைப் பற்றிச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். பழைய கூண்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது, கழுவிக் காயவைத்திருக்கிறோம். குழல்விளக்கு புதிதாகவே வாங்கினேன். தயிர் டப்பாவில் என் கணவர் ஆணியால் துளை போட்டார், துளி விழுவதற்குப் பதிலாகக் குழாய் மாதிரி ஊற்றியது, இரண்டாவது டப்பாவை மகன் ஊசியால் செய்தான். ஒரு இலை நுனியில் துளி நின்றது, அது ஒரு கண்ணால் அதையும் மறு கண்ணால் எங்களையும் பார்த்துவிட்டு, மெதுவாகப் போய் ஆறேழு நிமிடம் நக்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

இனிச் சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள். குதிகாலையும் பார்த்தோம், முள் ஒன்றும் இல்லை. மகன் ஏற்கனவே யாழ்ப்பாண ராஜா சங்கிலியனின் பெயரை வைத்துவிட்டான்.

---

கூண்டுக்காரன் எழுதியது:

மழைத்துளி அக்கா சொன்ன இரவு ஈரம் விஷயத்தை நானும் இந்த வாரம் மாற்றிப் பார்க்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கிரிக்கெட் பூச்சிதான் அடிப்படை. பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி போடாதீர்கள். பட்டுப்புழு கிடைத்தால் இடையிடையே கொடுங்கள். பூச்சிக்கு முந்தின நாளே கேரட், கடுகுக்கீரை, கேல் கீரை போடுங்கள், அது தின்றதைத்தான் சங்கிலியன் தின்கிறான், சரி, தின்கிறாள். ஸ்பினாச் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது. டி3 இல்லாத வெறும் கால்சியத் தூளை ஒவ்வொரு தடவையும் லேசாகத் தூவுங்கள், டி3யும் வைட்டமின் ஏயும் உள்ளதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தின்னாமல் மிஞ்சிய பூச்சியை இரவில் கூண்டுக்குள் விடாதீர்கள், தூங்கும்போது பச்சோந்தியையே கடிக்கும்.

---

மழைத்துளி எழுதியது:

பெண் என்றால் வளர்ந்த பிறகு சாப்பாட்டை அளவாகவே கொடுக்கவேண்டும், வெயில்கிளையும் 27ஐத் தாண்டவேண்டாம். நிறையத் தின்று சூட்டிலேயே கிடந்தால் ஒரே ஈட்டில் 60, 70 முட்டைகூட வைத்துவிடும், உடம்பு உருக்குலைந்துபோகும். இப்போதே ஒரு அடி அகலமும் அதே ஆழமும் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் கழுவிய விளையாட்டு மணலை நிரப்பி, கூண்டின் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். சுரங்கம் தோண்டினால் இடியாத அளவு ஈரம் இருக்கவேண்டும், கையால் பிடித்தால் மணல் உருண்டை நிற்கும் பதம். அவள் தோண்ட ஆரம்பித்தால் முன்பக்கத்துக்கு ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு எல்லோரும் தள்ளிப்போங்கள். யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடுவாள். மகனிடம் முக்கியமாகச் சொல்லுங்கள், ஃபோனை எடுத்துக்கொண்டு எட்டிப்பார்க்கக் கூடாது.

---

வன்னிக்கிளி எழுதியது:

மணல் வாங்கியாயிற்று. பதம் புட்டுக்கு மா குழைப்பது மாதிரிதான், அது எனக்குக் கைவந்த விஷயம். பெயரை மட்டும் மாற்றமாட்டானாம்.