நாணுத்துறவுன்னா வெட்கங்கெட்டத்தனமா?

பனையோலை:
அக்கா பொண்ணோட தமிழ் கைடுல நாணுத்துறவுங்கிற சொல்லுக்கு "வெட்கங்கெட்ட தன்மை"ன்னு அர்த்தம் போட்ருக்கான், பாத்ததும் வயிறு எரிஞ்சுது. குறள்ல 114ஆவது அதிகாரத்துக்குப் பேரே நாணுத்துறவுரைத்தல். வெட்கங்கெட்டதனத்துக்கு வள்ளுவர் வேற வார்த்தை வச்சிருக்கார், 1019ல நாணின்மை, 833ல நாணாமை, அது பேதையோட தொழில்னே சொல்லிட்டார். துறவுன்னா இருக்கறத விடறது. இல்லாதவன் எதத் துறப்பான்? 1133ல தலைவன் சொல்றான் பாருங்க, "நாணொடு நல்லாண்மை பண்டுடையேன்"னு. நேத்து வரைக்கும் இருந்துச்சு, இன்னைக்கு மடல்தான் இருக்குன்னு வலியோட சொல்றவன வெட்கங்கெட்டவன்னு எப்படிங்க சொல்றது?

சுடர்விழி:
மடல்னா என்னன்னும் சேத்து சொல்லுங்க ப்ரோ. பனங்கருக்குல குதிரை மாதிரி செஞ்சு, எருக்கம்பூவ சூடிக்கிட்டு, அந்தப் பொண்ணோட படத்தக் கையில வச்சுக்கிட்டு ஊர் நடுத்தெருவுல வந்து நிக்கறது. ஊரே அவ பேரச் சொல்லிப் பேசும், அப்புறம் அவ வீட்டுக்காரங்க வேற வழியில்லாம கட்டிக் குடுப்பாங்க. குறுந்தொகை 17லயே "மறுகின் ஆர்க்கவும் படுப"ன்னு இருக்கு, தெருவே கூச்சல் போடும்னு. இது மிரட்டல் இல்லாம வேற என்ன? இவன் துறக்கறது இவனோட நாண மட்டும் இல்ல, அவளோட நாணத்தையும் சேத்துத் தெருவுல இழுத்து விடறான். கைடுக்காரன் தப்பா எழுதலன்னுதான் எனக்குத் தோணுது, இதுக்குத் துறவுன்னு பெரிய பேர் வச்சதுதான் பூச்சு வேலை.

தமிழ்வாத்தியார்:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்கம்மா. அந்த அதிகாரம் தலைவனோட பேச்சு மட்டும் இல்ல. முதல் ஏழு குறள் அவன் சொல்றது, கடைசி மூணு தலைவி சொல்றதுன்னு குறளுக்கு உரை எழுதின பரிமேலழகர் பிரிக்கிறார், அவளும் "தன் நாணுத்துறவு" தான் உரைக்கிறாள். ஆனா பொண்ணு மடலேற மாட்டா, தொல்காப்பியம் கூடாதுன்னு சொல்லுது, 1137லயும் கடலத்தன காமம் இருந்தும் மடலேறாதது பெண்ணோட பெருமைன்னு வருது. அப்போ மடல வச்சு மட்டும் இந்தச் சொல்லுக்குப் பொருள் முடிவு பண்ண முடியாது. தொல்காப்பியத்துல கல்யாணத்துக்கு முந்தின காதலச் சொல்ற களவியல்ல வர்ற "நாணுவரை இறத்தல்"ங்கறதயும் பக்கத்துல வச்சுப் பாக்கணும், நாணோட எல்லையத் தாண்டறது. எல்லைன்னு ஒண்ணு இருந்தாத்தானே தாண்ட முடியும்?

சுடர்விழி:
சரி சார், ஆனா 1134ல என்ன சொல்றான்? காமம்ங்கற வெள்ளம் நாணயும் ஆண்மையயும் தெப்பத்த அடிச்சிக்கிட்டுப் போற மாதிரி இழுத்துக்கிட்டுப் போவுதுன்னு. அடிச்சிக்கிட்டுப் போனா அது துறவா? துறவு தெரிஞ்சு, யோசிச்சு விடறது. வெள்ளத்துல போனத நானா விட்டேன்னு சொல்றது எப்படி சரியாகும்? தலைவி விஷயத்துல நீங்க சொல்றத ஏத்துக்கறேன், அத நான் கவனிக்கல. திருமங்கையாழ்வார் சிறிய திருமடல், பெரிய திருமடல்ங்கற ரெண்டு பாட்டுலயும் பொண்ணு குரல்ல மடலூர்வேன்னு பாடினதும் ஞாபகம் வருது, அங்க எதிர்ல இருக்கறது பெருமாள், அவருக்கு ஊர்ப்பேச்சால ஒரு கஷ்டமும் கிடையாது. அதனாலதான் அது எனக்கு உறுத்தல. குறள்ல இருக்கற தலைவனோட மடல் உறுத்துது.

பனையோலை:
வெள்ளம் பாயிண்ட் நல்ல பாயிண்ட், அதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. ஆனா 1132ல "நாணினை நீக்கி நிறுத்து"ன்னு இருக்கு, உடம்பும் உயிரும் பொறுக்க முடியாம நாண ஒதுக்கி வச்சிட்டு மடல் ஏறும்னு, அங்க ஒதுக்கறது தெரிஞ்சேதான் நடக்குது. மிரட்டல்னு நீங்க சொல்றத நான் மறுக்கல, அது அந்தச் செயலப் பத்தின நியாயமான கோபம். என் சண்டை சொல்லோட பொருளுக்கு மட்டும்தான். 1140 பாருங்க, தலைவி சொல்றது. நான் பட்டத அவங்க படாததால என் கண்ணு முன்னாடியே அறிவில்லாதவங்க சிரிக்கிறாங்கன்னு. வெட்கங்கெட்டவளுக்கு அந்தச் சிரிப்பு காதுலயே விழாது, இவளுக்கு விழுது, சுடுது. நாண விட்டதுக்கப்புறமும் அது விட்ட இடம் வலிக்குது. கைடுல போட்ட அர்த்தத்த நம்பி ஒரு புள்ள இந்தக் குறளப் படிச்சா அந்த வலி எங்க தெரியும் சொல்லுங்க.

தமிழ்வாத்தியார்:
அந்தப் பக்கத்தப் பென்சில்ல அடிச்சிட்டு பக்கத்துல "நாணை விடுதல்"னு எழுதிக் குடுங்க தம்பி. 1140ஆவது குறள உங்க அக்கா பொண்ணு கிட்ட நீங்களே வாசிச்சுக் காட்டுங்க.