‘மாட்டேன்’ என்று சொன்ன செமாய்ச் சிறுவன்

1983. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்துச் செமாய் மக்கள், அதாவது ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளில் ஓர் இனத்தார், பெத்தாய் என்ற காட்டு அவரைக் கட்டுகளை ரோட்டோரம் கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா நாலு கட்டு வாங்கினார். விற்றவர் தன் மகனிடம் எங்கள் சைக்கிள்வரை தூக்கிவரச் சொன்னார். பையனுக்கு என் வயதுதான் இருக்கும். வெறுங்காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே ஏதோ ஒரே சொல் சொன்னான். அவன் அப்பா முகத்தில் கோபமே இல்லை. கட்டுகளைத் தானே தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்ன சொன்னான் என்று என் அப்பா கேட்க, “தக் மாவ்” என்று மலாயில் சொன்னார். மாட்டேனாம், அவ்வளவுதான்.

நான் அப்படிச் சொல்லியிருந்தால் பெல்ட் பேசியிருக்கும்.

மறுநாள் விடியற்காலை அப்பாவுக்குக் காய்ச்சல். நானும் கூடவே பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போனேன். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அன்று பார்த்து மேட்டு நிரையை, மேட்டிலிருக்கும் மர வரிசையை, கொடுத்தார். அப்பா தலையைத் தூக்காமல் “சரிங்க” என்றார். ‘மாட்டேன்’ என்ற சொல்லை வாயில் வரவிடாமலே வாழ்ந்தவர் அவர். வீட்டில் எங்களை அடித்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

1960களின் தொடக்கத்தில் செமாய் ஊர்களில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் ராபர்ட் டென்டனும் இதையே பதிவு செய்திருக்கிறார். பிள்ளைக்கு மனமில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுமாம். ஒருவர் மனத்தை மீறி வற்புறுத்தினால், வற்புறுத்தப்பட்டவருக்கு ஆபத்து வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

பதில்:
அண்ணே, நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணாக நான் பார்த்தது வேறு. நானும் பீடோர்த் தோட்டத்துப் பிள்ளை. லயத்தில் நான் யாரோடு பேசினேன் என்பது நான் வீடு சேர்வதற்குள் பத்து வாசலுக்குத் தெரிந்துவிடும். 1989இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் சேர்ந்தேன். ஹாஸ்டல் கட்டிலில் முதல் சம்பளக் கவரைப் பிரித்து மூன்று தடவை எண்ணினேன். அப்புறம் மனதுக்குப் பிடித்தவரையே கட்டினேன். பேக்டரியிலும் டாய்லெட் போக சூப்பர்வைசரிடம் அட்டை வாங்க வேண்டும், அதையும் மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே வேலை செய்த செமாய்த் தோழி ஒருத்தி, தங்கள் ஊரில் ஒத்துவராவிட்டால் பிரிந்துபோவது சுலபம், யாரும் கட்டிவைத்துக் கும்பிடச் சொல்வதில்லை என்றாள். ஆனால் அவளும் ஊரை விட்டுத்தான் வந்திருந்தாள்.

பதில்:
சரி தங்கச்சி, உங்கள் சம்பளக் கவரை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் தோழியின் ஊருக்குள் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. உத்தரவு வெளியிலிருந்து வருகிறது. சிலாங்கூரில் இன்னொரு ஒராங் அஸ்லி இனமான தெமுவான் மக்களை நெடுஞ்சாலைக்காக அகற்றியபோது வீட்டுக்கும் மரங்களுக்கும்தான் காசு கொடுத்தார்கள், மண்ணுக்கு இல்லை. அவர்களில் சாகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அந்த மண் அவர்களுடையது என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர்களால் நீதிமன்றம் போய் ‘மாட்டோம்’ என்று சொல்ல முடிந்தது.

எங்கள் தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபோது, அம்மா நட்டு வளர்த்த முருங்கைக்குக்கூட யாரும் விலை கேட்கவில்லை. அப்பா அன்றைக்கும் “சரிங்க” என்றுதான் சொன்னார்.